குவாலிட்டி சாஃப்ட்வேர் வாங்க முடிவாகிவிட்டது: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம் இது. பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு சிஎன்சி மெஷினிங் கம்பெனி. சுமார் 160 பேர், இரண்டு ஷிஃப்ட், ஐஏடிஎஃப் 16949 (வாகன உதிரிபாகத் தொழிலுக்கான தரத் தரநிலை) சான்றிதழ் உண்டு. டாக்குமெண்டுகள் ஃபைலில் இருக்கின்றன, கேலிப்ரேஷன் (அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்ற சோதனை) எக்செலில் இருக்கிறது, ரிஜெக்‌ஷன் விவரம் வாட்ஸாப் குரூப்பில் ஓடுகிறது. எம்.டி. ஒரு கிளவுட் சாஃப்ட்வேர் வாங்க முடிவு செய்துவிட்டார். ஆறு வாரத்தில் எல்லா மாட்யூலும் ஓடும் என்று வெண்டர் சொல்கிறார். இன்னும் ஐந்து மாதத்தில் சர்வெய்லன்ஸ் ஆடிட், அதாவது சான்றிதழ் தொடர்வதற்கான இடைக்காலத் தணிக்கை. எதை முதலில் போடுவது, யார் பொறுப்பு எடுப்பது, பழைய ரெக்கார்டுகளை என்ன செய்வது?

ஆறு வாரத்தில் சாஃப்ட்வேர் ஓடும். அதில் சந்தேகம் வேண்டாம். லாகின் கிடைக்கும், மாட்யூல் எல்லாம் திறக்கும், டாஷ்போர்டில் வண்ணம் வண்ணமாகப் படம் வரும். ஆனால் உங்கள் ஆட்கள் அதில் நடந்ததை நடந்தபடி எழுத ஆரம்பிக்க மாதங்கள் ஆகும். நீங்கள் போட வேண்டிய திட்டம் இந்த இரண்டாவது வேலைக்கானது. இரவு ஷிஃப்டில் ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு பீஸ் அண்டர்சைஸ் என்று கண்டதும், பயப்படாமல், இரண்டு நிமிடத்துக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். எந்த மாட்யூல், எந்த லைசென்ஸ், எந்தத் தேதி என்ற கேள்விகளை எல்லாம் அவரை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். 160 பேர் கம்பெனிக்கு, முக்கியமான மூன்று மாட்யூல்கள் நன்றாக உட்கார ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகும் என்பது என் கணக்கு. எம்.டி.யிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வரிசையில் பெரும்பாலானவர்கள் டாக்குமெண்ட் கண்ட்ரோலைத்தான் முதலில் வைப்பார்கள். நான் கேலிப்ரேஷனை முதலில் வைக்கச் சொல்வேன். அதில் சண்டை இல்லை, எண்ணிக்கை தெளிவு. ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும், பிளக் கேஜுக்கும், ஹைட் கேஜுக்கும் ஒரு நம்பர் இருக்கிறது, அடுத்த தேதி இருக்கிறது, லேபிலிருந்து வந்த சர்டிஃபிகேட் இருக்கிறது. பயன்படுத்துவோரும் நாலைந்து பேர்தான். ஈமெயில் அலர்ட் யாருக்கும் போகவில்லை, யூசர் உரிமை தப்பாக இருக்கிறது, அட்டாச்மெண்ட் திறக்கவில்லை போன்ற கோளாறுகள் எல்லாம் இங்கேயே வெளியே வந்துவிடும், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லாமல்.

கேலிப்ரேஷன் லிஸ்டை ஏற்றுவதற்கு முன் அதை எக்செலிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை லைனில் இறங்கி, கையில் கிடைக்கும் ஒவ்வொரு கருவியையும் பார்த்து எழுதுங்கள். லிஸ்டில் இருக்கும் கேஜ் ஃப்ளோரில் இருக்காது, ஃப்ளோரில் இருப்பது லிஸ்டில் இருக்காது. ஆபரேட்டரின் டூல் பாக்ஸில் அவர் சொந்தப் பணத்தில் வாங்கிய வெர்னியர் ஒன்று நிச்சயம் இருக்கும். ஊழியர் சொந்தமாக வைத்திருக்கும் கருவியும், கஸ்டமர் கொடுத்த கருவியும் கேலிப்ரேஷன் ரெக்கார்டுக்குள் வர வேண்டும் என்பது ஐஏடிஎஃப் 16949-இன் நேரடித் தேவை. இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு கேஜ் கேலிப்ரேஷனில் தப்பாக வந்தால், அதை வைத்து ஏற்கெனவே அளந்து அனுப்பிய பாகங்களுக்கு என்ன ஆபத்து என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். அதற்கு எந்தக் கேஜ் எந்தப் பார்ட் நம்பரில் பயன்படுகிறது என்ற இணைப்பு சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும். பல சாஃப்ட்வேர்களில் கேலிப்ரேஷன் மாட்யூல் வெறும் தேதி நினைவூட்டியாக இருக்கிறது. டெமோவிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது டாக்குமெண்ட் கண்ட்ரோல். இங்கே செய்யக்கூடாதது, சர்வரில் இருக்கும் எல்லா ஃபோல்டரையும் அப்படியே தூக்கி உள்ளே போடுவது. இன்று நடப்பில் இருக்கும் ரிவிஷன் மட்டும் உள்ளே வரட்டும். பழைய ரிவிஷன்கள் யாரும் மாற்ற முடியாத ஒரு ஆர்க்கைவ் ஃபோல்டரில், ஒரு லிஸ்டோடு இருந்தால் போதும். ஐஎஸ்ஓ 9001:2015 என்ற பொதுத் தரநிலை குவாலிட்டி மேனுவல் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐஏடிஎஃப் 16949 அதைக் கேட்கிறது, ஆகவே உங்களுக்கு மேனுவல் தேவை. மற்றபடி, யாரும் திறந்து பார்க்காத புரொசீஜர்களைச் சேர்த்துச் சுருக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஒரே வேலைக்கு மூன்று வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே ஒன்றாக்குங்கள். ஏற்றிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டீர்கள்.

டாக்குமெண்டுக்கு இரட்டை ஓட்டம் கூடவே கூடாது. பழைய ஃபைலும் புதிய சாஃப்ட்வேரும் ஒரு வாரம் சேர்ந்து இருந்தாலும், எது சரி என்று ஃப்ளோரில் யாருக்கும் தெரியாது. ஒரு தேதி குறித்து, அன்று காலை ஷிஃப்ட் தொடங்குவதற்குள், மெஷின் மேல் ஒட்டியிருக்கும் லேமினேட் ஷீட், ஃபிக்ஸ்சர் ராக்கில் தொங்கும் டிராயிங், செட்டரின் டிராயரில் மடித்து வைத்த கண்ட்ரோல் பிளான் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். கணினி திரையில் பி ரிவிஷனும் சுவரில் ஏ ரிவிஷனும் இருந்தால், ஆபரேட்டர் சுவரைப் பார்த்துத்தான் வேலை செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. கஸ்டமர் டிராயிங் மாற்றம் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் பரிசீலனையை முடிக்க வேண்டும் என்று ஐஏடிஎஃப் எதிர்பார்க்கிறது. அந்தப் பத்து நாள் கணக்கைச் சாஃப்ட்வேரிலேயே ஒரு டாஸ்க்காக வைத்துவிடுங்கள். மெயில் பெட்டியில் புதைந்துபோகும் மாற்றங்களுக்கு இது உடனடி மருந்து.

மூன்றாவதுதான் உயிர்நாடி: என்சிஆரும் (குறையுள்ள பாகத்தைப் பற்றிய பதிவு) கேப்பாவும் (அந்தக் குறை மறுபடி வராமல் எடுக்கும் நடவடிக்கை). உங்கள் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில், கணினியைத் தொடாமல் ஒரு அறையில் உட்கார்ந்து சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். என்சிஆரை யார் போடலாம்? ஆபரேட்டரும் போடலாமா, இன்ஸ்பெக்டர் மட்டுமா? ரீவொர்க் முடிவை யார் எடுப்பது? இரவு ஷிஃப்டில் அவர் இல்லையென்றால்? அளவுக்கு வெளியே போன பாகத்தை அப்படியே ஏற்பது என்றால் கஸ்டமரின் ஒப்புதல் வேண்டும், அதை யார் கேட்பது? யார் மூடலாம்? இதில் புரொடக்‌ஷன் ஹெட்டும் குவாலிட்டி ஹெட்டும் நிச்சயம் மோதுவார்கள். மோதட்டும். இந்த மோதல் இத்தனை நாள் வாய்மொழியாகத் தீர்ந்துகொண்டிருந்தது. சாஃப்ட்வேர் ஒரு பெயரைக் கேட்கும், அப்போது ஒளிந்துகொள்ள முடியாது. இந்த முடிவுகளை எம்.டி. கையெழுத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி வாங்கியபிறகுதான் வெண்டருக்கு வொர்க்ஃப்ளோ சொல்ல வேண்டும். வெண்டரிடம் முடிவை விட்டால், வேறு ஏதோ கம்பெனிக்குச் செய்த வொர்க்ஃப்ளோ உங்களுக்கு வந்து சேரும். அதில் ஐந்து ஒப்புதல் இருக்கும், உங்களிடம் ஒப்புதல் கொடுக்க இருப்பவர் இரண்டு பேர்.

அடுத்து, எல்லா என்சிஆரையும் கேப்பாவாக மாற்றாதீர்கள். கெட்ட பீஸைப் பிரித்து ரெட் பின்னில் போடுவது, ரீவொர்க் செய்வது ஒரு வேலை. அது ஏன் வந்தது என்று கண்டு மறுபடி வராமல் செய்வது இன்னொரு வேலை. காரணத்தை நீக்க நடவடிக்கை தேவையா என்று மதிப்பிடுங்கள் என்றுதான் ஐஎஸ்ஓ 9001-இன் 10.2 சொல்கிறது, ஒவ்வொன்றுக்கும் செய் என்று சொல்லவில்லை. ஒரு சாதாரண பர் (விளிம்பில் நிற்கும் பிசிறு) பிரச்சினைக்கும் ஐந்து முறை ஏன் ஏன் என்று கேட்டு எழுத வைத்தால், மக்கள் காரணக் கட்டத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று ஒட்டிவிட்டுப் போவார்கள். கஸ்டமர் புகார், திரும்பத் திரும்ப வருவது, பாதுகாப்பைத் தொடுவது, குறிப்பிட்ட ரூபாய்க்கு மேல் நஷ்டம் என நாலு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றில் விழுந்தால் மட்டும் கேப்பா.

இப்போது குறைப் பட்டியல். ஸ்கிரீனில் வரும் டிராப்-டவுனில் 90 வகைக் குறைகளை வைத்தால், ஃப்ளோரில் எல்லாரும் "மற்றவை" என்பதையே தட்டுவார்கள். பதினைந்துக்குள் வையுங்கள். பெயர்கள் ஃப்ளோரில் சொல்கிறபடி இருக்கட்டும்: பர், டென்ட், டூல் மார்க், அண்டர்சைஸ், ஓவர்சைஸ், துரு. பெங்களூரு ஷாப் ஃப்ளோர் உங்களுக்குத் தெரியும். செட்டர் தருமபுரிக்காரர், ஆபரேட்டர் தும்கூருக்காரர், பேக்கிங்கில் ஒடிசா பையன்கள். ஒருவர் தமிழ், ஒருவர் கன்னடம், ஒருவர் இந்தி, ஆனால் டென்ட் என்றால் மூவருக்கும் டென்ட்தான். திரை எந்த மொழியில் என்று வெண்டரோடு மல்லுக்கட்டுவதைவிட, இந்தப் பதினைந்து சொல்லை மூன்று பேரையும் கூட்டி வைத்து முடிவு செய்வது பலன் தரும். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஒரு போட்டோ வைத்தால் இன்னும் நல்லது. முதல் மாதம் வாராவாரம் "மற்றவை" பதிவுகளைத் திறந்து படியுங்கள். பட்டியலில் எது விடுபட்டது என்று அதுவே சொல்லும்.

லைசென்ஸ் விஷயத்தில் இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று விலை வந்ததும், செலவைக் குறைக்க ஷிஃப்டுக்கு ஒரே லாகின் வைத்துவிடுவார்கள். யார் பதிவு செய்தது, யார் ஒப்புதல் கொடுத்தது என்ற தடம் அன்றோடு போச்சு. சாஃப்ட்வேர் வாங்கியதன் பாதிப் பயன் அந்தத் தடம்தான். படிக்க மட்டும் உள்ளவர்களுக்குத் தனி விலை உண்டா, ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற கணக்கில் லைசென்ஸ் உண்டா, ஈமெயில் முகவரி இல்லாத ஆபரேட்டர் தன் எம்ப்ளாயி நம்பரும் பின் நம்பரும் (PIN) வைத்து உள்ளே வரலாமா என்று கேளுங்கள். ஹோல்ட் ஏரியா (குறையுள்ள பாகங்களை நிறுத்தி வைக்கும் இடம்) பக்கத்தில் ஸ்டாண்டில் பூட்டிய ஒரு டேப்லெட் வைத்தால் வேலை நடக்கும். சொந்த போனில் ஆப் போடச் சொல்லாதீர்கள். கஸ்டமர் டிராயிங் இருக்கும் இடத்தில் போன் கேமராவைத் தடை செய்யும் கஸ்டமர்கள் உண்டு.

எம்.டி.யை நீங்கள் தயார் செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். என்சிஆர் மாட்யூல் ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் என்சிஆர் எண்ணிக்கை கூடும். சில இடங்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். குறைகள் கூடியிருக்காது. வாட்ஸாப்பில் கரைந்துபோனவை, சூப்பர்வைசர் கண்ணசைவில் ரீவொர்க் ஆனவை எல்லாம் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த கிராஃபைப் பார்த்து ரிவ்யூ மீட்டிங்கில் யாராவது சூப்பர்வைசரைக் கேள்வி கேட்டுவிட்டால், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பதிவு நின்றுவிடும். அதன்பிறகு எத்தனை டிரெயினிங் கொடுத்தாலும் திரும்பாது. ஆகவே கோ-லைவுக்கு (மாட்யூல் நடைமுறைக்கு வரும் நாளுக்கு) முன்பே எம்.டி.யிடம் எழுத்தில் சொல்லுங்கள்: முதல் காலாண்டில் என்சிஆர் எண்ணிக்கையை யார் மீதும் குறையாக வைக்க மாட்டோம். அவரே ஃப்ளோரில் நின்று இதைச் சொன்னால் எந்த டிரெயினிங்கையும்விட அதற்கு மதிப்பு அதிகம். எண்ணிக்கைக்குப் பதிலாக வேறு நாலு விஷயத்தைப் பாருங்கள். குறை கண்டதிலிருந்து பாகங்களைத் தனியே நிறுத்த எவ்வளவு நேரம் ஆனது, 60 நாளைத் தாண்டித் திறந்திருக்கும் கேப்பா எத்தனை, கேலிப்ரேஷன் தேதி தாண்டிய கருவி எத்தனை, "மற்றவை" என்று வந்தது எவ்வளவு.

பொறுப்பு யாருக்கு? ஐடி ஆளுக்குக் கொடுக்காதீர்கள். குவாலிட்டியில் ஒருவர், புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ஒருவர், ஸ்டோர்ஸ் அல்லது பர்ச்சேஸில் ஒருவர். மூவருக்கும் வாரத்தில் ஒன்றரை நாள் வேறு வேலை கிடையாது என்று ஆர்டர் போட வேண்டும். புரொடக்‌ஷன் ஆள் இல்லாத டீம் போடும் எந்த வொர்க்ஃப்ளோவும் ஃப்ளோரில் நிற்காது. பட்ஜெட்டில் லைசென்ஸும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எல்லாரும் போடுவார்கள். இந்த மூவரின் நேரத்தையும், டேப்லெட், வைஃபை, டேட்டா ஏற்றும் கூலியையும் மறந்துவிடுவார்கள். மெஷின்களுக்கு நடுவே வைஃபை சரியாக எடுக்கிறதா என்று முதல் வாரமே நடந்து பாருங்கள்.

ஈஆர்பியோடு (ஸ்டாக், பர்ச்சேஸ், கணக்கு எல்லாம் ஓடும் சாஃப்ட்வேர்) இணைப்பது பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் வெண்டர் சொல்லுவார். முதல் கட்டத்தில் வேண்டாம். பார்ட் நம்பரும் சப்ளையர் பட்டியலும் ஈஆர்பியிலிருந்து வாரம் ஒருமுறை ஒருவழியாக வந்தால் போதும். விவரம் பிறக்கும் இடம் எது என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்: பார்ட் நம்பர் ஈஆர்பியில்தான் பிறக்கும், குவாலிட்டி சாஃப்ட்வேரில் யாரும் புதிதாக உருவாக்க முடியாது.

தேதிகள். மார்ச்சில் எதையும் தொடங்காதீர்கள், வருட முடிவு டிஸ்பாட்ச் நெருக்கடியில் யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். ஆயுத பூஜை வாரம் வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் வழியே பாதி ஃப்ளோர் ஊருக்குப் போயிருக்கும், சத் பூஜைக்கு பீகார் ஆட்கள் போவார்கள். கோ-லைவுக்குச் செவ்வாய் அல்லது புதன் நல்லது. திங்கட்கிழமை புரொடக்‌ஷன் பிளான் கலாட்டா, வெள்ளிக்கிழமை போட்டால் கோளாறு வார இறுதியில் கேட்பாரற்றுக் கிடக்கும். இரவு ஷிஃப்டுக்குத் தனியாக, அவர்கள் ஷிஃப்ட் நேரத்திலேயே டிரெயினிங். பகலில் வரச் சொல்லி, தூக்கக் கலக்கத்தில் கையெழுத்து வாங்கும் டிரெயினிங்கால் யாருக்கும் பயனில்லை.

வெண்டரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சோதனை. அவர்களுடைய டெமோ டேட்டாவைப் பார்க்காதீர்கள். உங்கள் கடைசி கஸ்டமர் புகார் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், புகார் வந்ததிலிருந்து எயிட்-டி (புகாருக்கு எட்டுப் படிகளில் எழுதும் தீர்வு அறிக்கை) மூடும் வரை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். கஸ்டமர் போர்ட்டலில் மறுபடி எழுத வேண்டியிருக்குமா, அங்கே கேட்கும் வடிவத்தில் அச்சு வருமா என்பது அப்போது தெரியும். பிறகு, வெளியேறும் வழி. பிபிஏபி (பாகத்தின் உற்பத்திக்கு ஒப்புதல் வாங்கிய ஆவணங்கள்), டூலிங் ரெக்கார்டு, டிசைன் ரெக்கார்டு, பர்ச்சேஸ் ஆர்டர் போன்றவற்றை, அந்தப் பாகம் உற்பத்திக்கும் சர்வீஸுக்கும் தேவைப்படும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஒரு காலண்டர் வருடமும் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐஏடிஎஃப். கஸ்டமர் வேறு கணக்கு சொன்னால் அதுதான் செல்லும். ஒரு பாகம் பத்துப் பதினைந்து வருடம் ஓடலாம். உங்கள் கிளவுட் ஒப்பந்தமோ வருடா வருடம் புதுப்பிப்பது. நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்குப் போனால் ரெக்கார்டும், அதன் அட்டாச்மெண்டும், ஒப்புதல் தடமும் திறந்து படிக்கக்கூடிய வடிவில் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள், கூடுதல் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். வாய்மொழி உறுதி போதாது. பாதியில் ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்து, திறந்தும் பாருங்கள்.

பழைய ரெக்கார்டு பற்றிக் கேட்டீர்கள். என்சிஆருக்கு ஒரு தேதி குறியுங்கள். அதற்கு முன் திறந்தவை பழைய ரெஜிஸ்டரிலேயே மூடப்படும், அதற்குப் பின் வருபவை சாஃப்ட்வேரில். திறந்திருக்கும் கேப்பாக்களில் கஸ்டமர் புகார் சார்ந்தவற்றை மட்டும் கையால் ஏற்றலாம். மூடிய பழைய ரெக்கார்டுகளை ஸ்கேன் செய்து ஏற்ற ஆள் வைப்பது வீண் செலவு. எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை, அலமாரிக்குப் பூட்டு, அது போதும். கேலிப்ரேஷனுக்கு மட்டும் கடைசி சர்டிஃபிகேட்டை ஒவ்வொரு கருவிக்கும் ஏற்றுங்கள்.

இணையம் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நம்பர் போட்ட காகித என்சிஆர் ஃபாரம் இருபது, ஹோல்ட் ஏரியாவில் ஒரு உறையில். இணைப்பு வந்ததும் அதே ஷிஃப்டில் ஏற்ற வேண்டும், காகித நம்பரும் சேர்த்து. ஐஏடிஎஃப் கேட்கும் கண்டிஞ்சென்சி பிளானில் (எதிர்பாராத தடைகளுக்கான மாற்றுத் திட்டம்) சைபர் தாக்குதலும் அடக்கம், வருடத்துக்கு ஒருமுறையாவது சோதித்தும் பார்க்க வேண்டும். இந்தக் காகித ஏற்பாட்டை அந்தச் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஆடிட். ஐந்து மாதத்தில் ஆடிட் என்பதால், அதற்குள் கேலிப்ரேஷனும் டாக்குமெண்டும் மட்டும் ஓடட்டும். ஆடிட்டுக்கு முந்தின ஆறு வாரத்தில் புதிய மாட்யூல் எதுவும் வேண்டாம். என்சிஆரை ஆடிட் முடிந்த அடுத்த வாரம் ஒரே ஒரு லைனில் தொடங்கி, நாலு வாரம் பார்த்துவிட்டு மற்ற லைன்களுக்குக் கொண்டுபோங்கள். இன்டெர்னல் ஆடிட், சப்ளையர் மாட்யூல்கள் அதற்கும் பிறகு. பாதி சாஃப்ட்வேரில், பாதி காகிதத்தில் இருப்பதை ஆடிட்டர் குறையாக எழுதுவாரோ என்ற பயம் வேண்டாம். மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய், நோக்கம் என்ன, விளைவு என்ன, ஆள் பலம் இருக்கிறதா, யார் பொறுப்பு என்று பார் என்பதுதான் ஐஎஸ்ஓ 9001-இன் 6.3. எந்த மாட்யூல் எந்தத் தேதியில், அதுவரை எந்த ரெக்கார்டு எங்கே என்று ஒரு பக்க அட்டவணை, மேனேஜ்மென்ட் ரிவ்யூ மினிட்ஸில் ஒப்புதலோடு இருந்தால் அவர் கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தை இந்த வாரமே எழுத ஆரம்பியுங்கள், வெண்டர் ஒப்பந்தத்துக்கு முன்பாக.